ஓடை நலமாக இருக்கிறதா? கரையில் தொடங்கிக் கணக்கில் முடிக்கும் வழி

ஓடையைப் பரிசோதிக்க வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் செய்யும் முதல் காரியம், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்குவது. அந்த நொடியிலேயே அன்றைய ஆய்வு பாதி கெட்டுவிடுகிறது. அடிவண்டல் கலங்கும், மீன்கள் ஓடி ஒளியும், கல்லடியில் இருந்த பூச்சிகள் நீரோடு போய்விடும். பிறகு எந்தக் கருவியை முக்கினாலும் அது ஓடையை அளக்காது, நம் காலடியைத்தான் அளக்கும்.

இங்கே சொல்லும் முறை தென்காசி மாவட்டத்தில் கடனாநதிப் படுகையில் இருப்பது போன்ற ஓடைகளுக்கானது: காட்டில் பிறந்து, இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில், முழங்கால் ஆழத்தில், கல்லும் பாறையுமாக இறங்கி, தென்னந்தோப்பு, வயல், ஊர்த்தெரு எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஆற்றில் சேர்பவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற அடிவாரங்களிலும் இதே வரிசை செல்லும். சமவெளியின் மணல் ஓடைகளுக்கு வலைபோடும் முறை வேறு.

1. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

"ஓடை எப்படி இருக்கிறது?" என்பது அளக்கக்கூடிய கேள்வி அல்ல. "துணி துவைக்கும் துறைக்குக் கீழே ஓடை மாறுகிறதா?", "தோப்பில் மருந்தடிக்கும் காலத்தில் பூச்சிகள் குறைகின்றனவா?" என்பவை கேள்விகள். கேள்வி தெளிவானால் எங்கே நிற்பது, எந்த மாதம் போவது, எதை அளக்காமல் விடலாம் என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

குடிக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. கல்லடிப் பூச்சிகள் செழித்திருக்கும் ஓடையிலும் மாட்டுச்சாணத்தின் கிருமிகள் இருக்கலாம். இந்த வழிகாட்டியைக் கொண்டு யாருக்கும் தண்ணீர் குடிக்கச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

2. காலமும் அனுமதியும்

தென்காசிப் பக்கம் இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் சாரல், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. வெள்ளம் வடிந்து நீர் தெளிந்து, ஆனால் வற்றத் தொடங்காத ஜனவரி இறுதி முதல் மார்ச் வரையான காலம் மிக நல்லது. இரண்டாவது சுற்று வேண்டுமென்றால் சாரல் ஓய்ந்த செப்டம்பர் பிற்பகுதி. அது குறுகிய இடைவெளி, தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

பெரிய வெள்ளத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு முறை கோடைமழை கொட்டி ஆறே நாளில் வலை போட்டேன். தட்டில் ஏழெட்டுப் புழுக்கள்தான் தேறின. ஓடை செத்துவிட்டது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் அதே வலையில் நூற்றுக்கு மேல் வந்தன. வெள்ளம் அவற்றை அடித்துச் சென்றிருந்தது, அவ்வளவுதான். அறிக்கையைத் திரும்பப் பெற்ற வெட்கம் இன்னும் இருக்கிறது.

காப்புக்காட்டுக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அது கிடைக்க நாளாகும் என்பதால் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். காட்டுக்கு வெளியே ஓடை பெரும்பாலும் புறம்போக்குதான் என்றாலும், அதை அடையும் வழி யாருடைய தோப்பாகவோ இருக்கும். தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் வழியும் கிடைக்கும், முப்பது வருடக் கதையும் கிடைக்கும். எந்த ஆண்டு ஓடை முதன்முதலில் வற்றியது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது, அவர் சொல்வார்.

தனியாகப் போகாதீர்கள். மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் வெயில் காயும்போதே வெள்ளமாக வந்து சேரும். நீர் திடீரென நிறம் மாறினாலோ சருகுகள் கூட்டமாக மிதந்து வந்தாலோ, வலையை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். கால் கையில் ஆறாத புண் இருந்தால் அன்று குறிப்பெழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் புண் வழியாக எளிதில் உள்ளே வந்துவிடும்.

3. பையில் இருக்க வேண்டியவை

முக்கியமானது வலை. வாய் 30 செ.மீ. சதுரமாக, அரை மில்லிமீட்டர் கண்ணளவுள்ள நைலான் துணி தைத்த வலை. கொசுவலைத் துணியில் தைத்தால் சிறியவை எல்லாம் நழுவிவிடும், பெரிய தட்டான் குஞ்சுகள் மட்டுமே தங்கும். பிறகு "இங்கே நல்ல பூச்சிகள்தான் இருக்கின்றன" என்று தவறாக மகிழ்ந்துகொண்டிருப்போம்.

பூச்சி பிரிக்க வெள்ளைத் தட்டு இரண்டு, ஐஸ்கட்டித் தட்டு ஒன்று, மென்மையான ஓவியத் தூரிகை, பிளாஸ்டிக் கரண்டி, சொட்டுக்குழாய், பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ். நீருக்கு வெப்பமானி, மின்கடத்துத்திறன் மானி, நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் பெட்டி. ஓட்டத்துக்கு அளவு நாடா, சென்டிமீட்டர் குறித்த கழி, மூன்று எலுமிச்சம்பழம். எழுத பென்சில். பேனா எழுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும்.

கம்பூட் வாங்க அவசரப்படாதீர்கள். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் கால் கல்லாகக் கனக்கும். நல்ல பிடியுள்ள பழைய கேன்வாஸ் ஷூ போதும். அட்டைப்பூச்சிக்கு ஓர் உப்பு முடிச்சு.

4. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தது இரண்டு இடம், முடிந்தால் மூன்று. முதலாவது, காட்டு விளிம்பில், ஊரின் கை படாத மேற்பகுதி. இரண்டாவது, நீங்கள் சந்தேகப்படும் துறைக்கோ வயலுக்கோ சற்றுக் கீழே. மூன்றாவது, ஓடை ஆற்றில் சேரும் முன். மேலே இருக்கும் இடம்தான் அளவுகோல். ஓடையை அதன் மேல்பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும், வேறெந்த ஊர் ஓடையோடும் புத்தகத்தின் அட்டவணையோடும் அல்ல.

புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். மேலே கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் இடத்தில் வலை போடுவார்கள். கீழே இறங்க வசதியாக இருக்கிறது என்று ஒரு கசத்தின் (நீர் ஆழமாகத் தேங்கும் பள்ளம்) ஓரத்தில் போடுவார்கள். இரண்டிலும் பூச்சிகள் வேறு வேறாகத்தான் வரும். அது மாசால் வந்த வித்தியாசம் அல்ல, தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் உள்ள வித்தியாசம். சலசலப்பைச் சலசலப்போடு ஒப்பிடுங்கள், கசத்தைக் கசத்தோடு. ஒவ்வோர் இடத்திலும் 50 மீட்டர் நீளத்தை எல்லையாகக் குறித்து, அதற்குள்ளேயே எல்லா வேலையையும் முடியுங்கள்.

பாலத்தை ஒட்டி இடம் பிடிக்காதீர்கள். பாலத்தடியில் ஓட்டமும் அடித்தளமும் செயற்கையானவை. குறைந்தது 50 மீட்டர் தள்ளிப் போங்கள்.

5. இருபது நிமிடம் கரையில்

முதலில் கீழ்முனையிலிருந்து மேல்முனைவரை கரையோரமாக நடங்கள், நீரைத் தொடாமல். படம் ஒன்று வரையுங்கள். எத்தனை மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை. எங்கே கசம், எங்கே சலசலப்பு, எங்கே மரம் சாய்ந்திருக்கிறது, எந்த மோட்டார் குழாய் நீரில் கிடக்கிறது, எங்கே மாடு இறங்கிய தடம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கைபேசிப் புகைப்படம் இவற்றை எல்லாம் பிடிப்பதில்லை.

பிறகு அண்ணாந்து பாருங்கள். நீர்மருது, புங்கை, நாவல் போன்ற மரங்கள் மேலே கவிந்திருந்தால் நீர் குளிர்ந்திருக்கும். விழும் இலைதான் கல்லடிப் பூச்சிகள் பலவற்றுக்கு உணவு. கரை மரம் வெட்டப்பட்ட இடத்தில் வெயில் நேராக விழுந்து கற்களில் பச்சைப்பாசி நீண்டு தொங்கும். கரையில் உண்ணிச்செடி, நெய்வேலிக் காட்டாமணக்கு போன்ற களைகள் அடர்ந்திருந்தால், பச்சையாக இருக்கிறதே என்று அதைச் "செழிப்பு" என்று எழுதிவிடாதீர்கள்.

மீன்களையும் இப்போதே பாருங்கள், இறங்கிய பின் அவை இருக்காது. "மீன் துள்ளுகிறது, ஓடை நன்றாகத்தான் இருக்கிறது" என்பது நான் அடிக்கடி கேட்கும் அவசரத் தீர்ப்பு. எந்த மீன் என்பதுதான் விஷயம். கல்லோடு ஒட்டிப் பாசி மேயும் மீன்களும் மணலில் புதையும் அயிரையும் நல்ல அறிகுறி. கொசு ஒழிக்க விட்ட கப்பி மட்டும் கூட்டம் கூட்டமாகத் திரிந்தால் வேறு கதை. கப்பி சாக்கடையிலும் வாழும்.

6. தண்ணீர்: கலங்கும் முன்

நீர்மாதிரியை எப்போதும் 50 மீட்டர் எல்லையின் கீழ்முனையில், ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று எடுங்கள். நீங்கள் கலக்கியது உங்களைத் தாண்டிக் கீழே போய்விடும்.

வெப்பநிலை முதலில். நிழலில், நீருக்குள் வைத்தபடியே படியுங்கள். வெளியே எடுத்துப் படித்தால் காற்றின் வெப்பம்தான் பதிவாகும். ஆக்சிஜன் கணக்குக்கு இந்த எண் தேவை. தூய நீர் கடல்மட்டத்தில் 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 பாகையில் 8.3, 30 பாகையில் 7.6. ஆகவே வெறும் மில்லிகிராம் கணக்கை வைத்துக் காலையையும் மதியத்தையும் ஒப்பிடக் கூடாது. நீர் 25 பாகையில் இருக்கும்போது உங்கள் அளவு 7.4 என்றால், 7.4 ஐ 8.3 ஆல் வகுத்து, சுமார் 89 சதவீத நிறைவு என்று எழுதுங்கள்.

கரைசல்களைச் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைப் பெட்டியைப் பயன்படுத்துபவர்கள் குப்பியை நீருக்கடியில் மூழ்கடித்து நிரப்பி, நீருக்கடியிலேயே மூட வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகும். முதல் இரண்டு கரைசலையும் விட்டவுடன் பழுப்பு நிற வீழ்படிவு திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை. அந்தப் பழுப்பைப் பார்த்த பிறகுதான் மாணவர்களுக்கு ஆக்சிஜன் ஒரு பொருள் என்பதே நம்பிக்கைக்கு வருகிறது.

மதியம் 120 சதவீதம் காட்டினால் மகிழாதீர்கள். பாசி அதிகமான ஓடையில் பகலில் ஆக்சிஜன் பொங்கும், இரவில் அதே பாசி அதை உறிஞ்சிவிடும். மீன் சாவது விடியற்காலையில்தான். சந்தேகம் இருந்தால் சூரியன் எழும் முன் ஒரு முறை வந்து அளந்துவிடுங்கள்.

மின்கடத்துத்திறன், அதாவது நீரில் கரைந்த உப்புகள் எவ்வளவு என்பதைக் காட்டும் எண், எளிமையான, மலிவான, ஆனால் நிறையப் பேசும் அளவு. இந்த மலையின் கடினமான பாறை அதிகம் கரைவதில்லை. ஆகவே காட்டு ஓடையில் இது பெரும்பாலும் சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்கும். சோப்பு, சிறுநீர், உரம் எது சேர்ந்தாலும் ஏறும். மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் இடையே இரண்டு மடங்காக ஏறியிருந்தால், நடுவில் ஏதோ வந்து கலக்கிறது. அந்தப் புள்ளி கிடைக்கும்வரை மானியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடையோரமாக நடந்தாலே போதும். கடையில் டிடிஎஸ் மானி என்று விற்பதும் இதே கருவிதான். கடத்துத்திறனை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. எதைப் பயன்படுத்தினாலும் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

அமில காரத்தன்மைக் காகிதம் இந்த ஓடைகளில் அவ்வளவு நம்பத்தக்கது அல்ல. உப்பு குறைந்த நீரில் அதன் நிறம் சரியாக மாறாது. 6.5 முதல் 8.5 வரை என்ற வழக்கமான எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

மலக்கழிவு கலக்கிறதா என்று அறிய ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் கலப்புக்கு வாய்ப்பு அதிகம். எவ்வளவு என்று அது சொல்லாது.

7. வலை: கீழிருந்து மேலாக

இதுதான் மையம். கருவி சொல்வது அந்த நிமிடத்தின் தண்ணீரைப் பற்றி மட்டும். நேற்று இரவு யாரோ மருந்து தெளிக்கும் டேங்கைக் கழுவியது இன்று காலைக் கருவியில் தெரியாது. கல்லடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சியிடம் அது தெரியும்.

எல்லையின் கீழ்முனைச் சலசலப்பில் தொடங்குங்கள். வலையின் வாய் நீர் வரும் திசையை நோக்கி இருக்க, அடி தரையோடு படிய, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வலைக்கு முன்னால் ஓர் எட்டு மேலே நின்று, குதிகாலால் ஒரு நிமிடம் கற்களைக் கிளற வேண்டும். கிளம்பியவை ஓட்டத்தோடு வலைக்குள் வரும். பிறகு கையளவுக் கற்களை வலைவாயில் பிடித்துக் கையால் தேய்த்துக் கழுவி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். இதேபோல மேலே நகர்ந்து இன்னும் இரண்டு சலசலப்பு. ஆக ஓரிடத்துக்கு மூன்று நிமிடம், எல்லா இடத்திலும் அதே மூன்று நிமிடம். கீழே ஒன்றும் வரவில்லை என்று ஆத்திரத்தில் ஐந்து நிமிடம் கிளறினால் ஒப்பீடே போய்விடும்.

மேலிருந்து கீழாக வந்தால் என்ன? முதல் கிளறலில் நழுவியவை அடுத்த வலையில் வந்து விழும். ஒரே பூச்சியை இரண்டு முறை எண்ணுவோம்.

8. தட்டில் பிரிப்பது: பொறுமையின் சோதனை

வலையைத் தெளிந்த நீருள்ள வாளியில் உதறுங்கள். பெரிய சருகுகளைக் கழுவி வெளியே எடுங்கள். எறிவதற்கு முன் இரண்டு பக்கமும் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைத் தட்டில் ஊற்றி, ஒரு விரல் ஆழ நீரில் விட்டு, இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் காத்திருங்கள்.

முதல் பார்வையில் தட்டில் மணலும் குப்பையும்தான். ஏதோ ஒன்று துள்ளும், எல்லோரும் அதைத் துரத்துவார்கள். விடுங்கள். இரண்டாவது நிமிடத்தில் ஒரு மணல்குச்சி தானாக நகரத் தொடங்கும். அரிசியளவு நீளம், மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய குழாய். அதன் வாயிலிருந்து ஒரு சிறிய பழுப்புத் தலையும் ஆறு கால்களும் எட்டிப் பார்த்து, குழாயை முதுகில் இழுத்துக்கொண்டு கிளம்பும். அவசரக்காரர்கள் இதைக் குப்பையோடு சேர்த்துக் கொட்டியிருப்பார்கள். ஓடையின் நல்ல சாட்சிகளில் ஒன்று போயிருக்கும்.

ஓடுவதையும் பெரியதையும் மட்டும் பொறுக்குவதுதான் இங்கே நிகழும் பெரிய தவறு. தட்டை மனதுக்குள் நான்காகப் பிரித்து, ஒரு கால்பங்கில் இருப்பவை அனைத்தையும் எடுத்து முடித்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். ஐஸ்கட்டித் தட்டின் குழிகளில் ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாகப் போடுங்கள். நூறு பூச்சிகள் சேரும்வரை, அல்லது அரை மணி நேரம். தட்டை நிழலில் வையுங்கள். வெயிலில் நீர் சூடாகி, தூய்மையை விரும்புபவை முதலில் செத்துவிடும்.

9. யார் யார்?

பெயர் தெரியாவிட்டாலும் உருவத்தை வைத்துப் பிரிக்கலாம். குடும்பம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) அளவில் போதும், இனம்வரை போக வேண்டாம்.

கல்பூச்சிக் குஞ்சு: இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், வயிற்றோரத்தில் செவுள் இல்லை. மார்பில் காலடியில் மயிர்க்கொத்துபோலச் செவுள் தெரியும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போவது இது. இது கிடைத்தால் மேலிடத் தேர்வு சரி.

மேஃபிளைக் குஞ்சு: பெரும்பாலும் மூன்று வால், காலுக்கு ஒரே நகம், வயிற்றின் இருபுறமும் இலைபோல அசையும் செவுள்கள். இதில் இரண்டு வகையைப் பிரித்தறிந்தே ஆக வேண்டும். தட்டையாக, கல்லோடு ஒட்டி நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்வது தூய்மையை விரும்புவது. மெலிந்து, சிறு மீன்போலத் துள்ளி நீந்துவது ஓரளவு மாசையும் தாங்கும். "மேஃபிளை இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் எதுவும் சொல்லாததற்குச் சமம்.

ஊசித்தட்டான் குஞ்சுக்கும் முனையில் மூன்று உண்டு. அவை வால் அல்ல, இலைபோல அகன்ற செவுள்கள். வயிற்றோரத்தில் அசைவது எதுவும் இல்லையென்றால் அது மேஃபிளை அல்ல. எந்தக் குழுவை அழைத்துச் சென்றாலும் இந்தக் குழப்பம் தவறாமல் வரும்.

கேடிஸ் புழு: மேலே சொன்ன மணற்குழாய்க்காரர் ஒரு வகை. குழாய் இல்லாமல், கல்லிடுக்கில் சிலந்திபோல வலை கட்டி வாழ்வது இன்னொரு வகை. வயிற்றடியில் செவுள் மயிர் அடர்ந்திருக்கும், தொட்டால் சுருளும். மிதமான மாசைத் தாங்கும்.

நீர்க்காசு: வண்டின் குஞ்சு. செம்பு நிறத்தில், தட்டையான காசுபோல, கல்லில் ஒட்டியிருக்கும். கண்ணுக்குப் படாது, விரலில் தட்டுப்படும்.

செம்புழு: இரத்தச் சிவப்பில் நெளியும் கொசுவை ஒத்த ஈயின் புழு. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் மூச்சுவிட அது உதவுகிறது. ஒன்றிரண்டு எங்கும் இருக்கும், அதுவே தட்டை நிறைத்தால் கவலைப்படுங்கள். மீன்தொட்டிக் கடையில் விற்கும் டியூபிஃபெக்ஸ் போன்ற நூல்புழுக்களும் அதே கட்சி.

10. மதிப்பெண்

எந்தப் பூச்சிக் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை வைத்து நீரின் தரத்தை மதிப்பிட பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி (BMWP) முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உயிரிகளை வைத்து நீரை வகைப்படுத்த இந்த வழியைத்தான் தழுவியிருக்கிறது. கல்பூச்சிக்கும் தட்டை மேஃபிளைக்கும் 10, வலைகட்டும் கேடிஸுக்கு 5, நீந்தும் மேஃபிளைக்கு 4, செம்புழுக் குடும்பத்துக்கு 2, நூல்புழுவுக்கு 1. ஒரு குடும்பத்தில் ஒன்று கிடைத்தாலும் ஐம்பது கிடைத்தாலும் மதிப்பெண் ஒரே முறைதான். இதை மறந்து எண்ணிக்கையால் பெருக்கிவிடுகிறார்கள்.

கணக்குப் புரிவதற்கு ஓர் உதாரணம். மேலிடத்தில் பத்துக் குடும்பம், கூட்டுத்தொகை 64, சராசரி 6.4. கீழிடத்தில் எட்டுக் குடும்பம், கூட்டுத்தொகை 28, சராசரி 3.5. குடும்ப எண்ணிக்கை இரண்டுதான் குறைந்திருக்கிறது, சராசரியோ ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நுண்ணுணர்வுள்ளவை போய், தாங்குபவை வந்து குடியேறியிருக்கின்றன. எப்போதும் கூட்டுத்தொகையைவிடச் சராசரியை நம்புங்கள். கூட்டுத்தொகை நீங்கள் தேடிய நேரத்தைப் பொறுத்து ஏறும்.

பன்மைக்கு ஓர் எளிய வழி உண்டு. பூச்சிகளைக் கலந்து ஒரு கோட்டில் கண்மூடித்தனமாக அடுக்குங்கள். முதல் பூச்சியை ஒரு தொடர் என்று வைத்து, இடமிருந்து வலமாகப் போய், முந்தியதிலிருந்து மாறும் ஒவ்வொரு முறையும் இன்னொரு தொடர் என்று எண்ணுங்கள். கேடிஸ், கேடிஸ், மேஃபிளை, கல்பூச்சி, கல்பூச்சி, கல்பூச்சி, மேஃபிளை என்று வந்தால் ஏழு உயிரிகளில் நான்கு தொடர், நான்கை ஏழால் வகுத்தால் 0.57. எண் 1 ஐ நெருங்க நெருங்கப் பன்மை அதிகம். பிரித்து வைத்த குழிகளிலிருந்து வரிசையாக எடுத்து அடுக்கினால் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

11. ஓட்டமும் கல்லும் கடைசியில்

இந்த வேலைகளுக்கு ஓடையைக் குறுக்கும் நெடுக்குமாக மிதிக்க வேண்டும். அதனால்தான் கடைசி.

நேராக ஓடும் 10 மீட்டரை அளந்து, எலுமிச்சம்பழத்தை விட்டு நேரம் பாருங்கள். சருகோ தெர்மோகோலோ வேண்டாம், காற்று தள்ளும். பழம் பாதிக்கு மேல் மூழ்கி நீரோடுதான் போகும். மூன்று முறை விட்டுச் சராசரி எடுங்கள். 25 விநாடி என்றால் விநாடிக்கு 0.4 மீட்டர். மேற்பரப்பு அடியைவிட வேகமாக ஓடுவதால் 0.8 ஆல் பெருக்க 0.32. அகலம் 2.4 மீட்டர், சராசரி ஆழம் 0.15 மீட்டர் என்றால் மூன்றையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 115 லிட்டர். கடத்துத்திறன் ஏறியிருப்பதற்கு மாசு காரணமா, நீர் குறைந்தது காரணமா என்று பிரிக்க இந்த எண் இல்லாமல் முடியாது.

கல்லுக்கு: கோணல்மாணலாகக் குறுக்கே நடந்து, ஒவ்வோர் எட்டிலும் குனிந்து, பார்க்காமல், விரல் முதலில் தொடும் கல்லை எடுத்து அதன் நடுத்தர அகலத்தை (மிக நீண்ட பக்கமும் அல்ல, மிகக் குறுகிய பக்கமும் அல்ல) அளக்க வேண்டும். நூறு கல். பார்த்து எடுத்தால் கண் பெரிய கல்லைத்தான் தேடும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே மணலும் வண்டலும் எத்தனை முறை வந்தது என்பதே நமக்கு வேண்டியது. கல்லைத் தூக்கும்போது கையிலும் கவனம் இருக்கட்டும். நல்ல ஓடையில் கல் லேசாக வந்துவிடும், அடியில் இடைவெளி இருக்கும். வண்டல் படிந்த ஓடையில் சிமென்ட் வைத்துப் பூசியதுபோலப் பிடித்துக்கொள்ளும். பூச்சிகளின் வீடு அந்த இடைவெளிதான்.

12. கிளம்பும் முன்

படிவத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்க்கட்டும். விடுபட்டது எப்போதும் நேரமும் நீர்வெப்பமும்தான். வலை, ஷூ, தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, அடுத்த ஓடைக்குப் போகும் முன் வெயிலில் முழுமையாகக் காயவிடுங்கள். ஷூவின் அடியிலும் வலையின் தையலிலும் நத்தைக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும்.

13. சேர்த்துப் படிப்பது

எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். பூச்சி சராசரி விழுந்து, கடத்துத்திறனும் ஏறி, செம்புழு பெருகியிருந்தால் கழிவுநீர். சராசரி விழுந்தும் நீர் அளவுகள் மேலிடம்போலவே இருந்தால் கல்லைப் பாருங்கள். வண்டல் அடைத்திருந்தால் மேலே எங்கோ மண் வெட்டுகிறார்கள், சாலை போடுகிறார்கள், கரை சரிந்திருக்கிறது.

நீரும் கல்லும் நன்றாக இருந்தும் செம்புழு உட்பட எல்லாப் பூச்சியும் குறைந்து, மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் நீர்வண்டுகளும் நீரின் மேல் நடக்கும் பூச்சிகளும் மட்டும் மிஞ்சியிருந்தால் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். சந்தேகம் மட்டும்தான். ஆய்வகச் சோதனை இல்லாமல் யார் தோப்பையும் சுட்டாதீர்கள்.

ஓடை கோடையில் வற்றுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் சிறு ஓடைகளில் பல ஆண்டு முழுவதும் ஓடுபவை அல்ல. அவற்றில் கல்பூச்சி இல்லாதது குற்றம் அல்ல, இயல்பு. அப்படிப்பட்டதை வற்றாத ஓடையோடு நிறுத்திக் குறைந்த மதிப்பெண் போடுவது அநியாயம். நீர் வந்து ஐந்தாறு வாரம் ஆன பிறகு, வற்றும் ஓடையை இன்னொரு வற்றும் ஓடையோடு ஒப்பிடுங்கள்.

14. அடுத்த முறை

ஒரு முறை அளந்தால் அது நிலவரம். இரண்டு மூன்று ஆண்டு அதே மாதத்தில் அளந்தால்தான் போக்கு தெரியும். போகும்போது பழைய வரைபடத்தையும் புகைப்படங்களையும் எடுத்துச் செல்லுங்கள், அதே கல்லருகில் அதே கோணத்தில் நிற்க அவை வேண்டும். பழைய மதிப்பெண்களை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போன ஆண்டு 6.4 என்று தெரிந்தவரின் கை, தட்டில் அந்த 6.4 வரும்வரை கல்பூச்சியைத் தேடிக்கொண்டே இருக்கும்.